எண்ணூரில் கொடுவா பிடித்தவனுக்கு நியூசிலாந்தில் பெரிய ட்ரவுட் மாட்டுமா?

முகத்துவாரம்_13:

எல்லோருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டை. பதினைந்து வருஷமாக எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டுப் பக்கமும் தூண்டில் போடுகிறேன். மீனவக் குடும்பம் இல்லை, அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமையானால் காசிமேட்டுப் பாறைமேல் உட்கார்ந்து கிழங்கான் பிடிப்பார், அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இதுவரை என் பெரிய மீன் ஒன்பது கிலோ கொடுவா. ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட ஒரு விடியற்காலை, உயிர் மடவையைக் கோர்த்துப் போட்டேன், பாலத்துத் தூணுக்குப் பின்னால் நின்றது டப்பென்று அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததே, அதற்கப்புறம் ஆறு மாசம் அந்தப் பக்கமே போக மனசு வரவில்லை, இப்போதுதான் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள். டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் அங்கே போகிறேன். அவள் வீட்டுக்காரருக்கு மீன் பிடிக்கத் தெரியாது, ஆனால் எனக்காக மூன்று நாள் லீவு போட்டு ட்வைசல் என்ற ஊருக்குக் காரில் கூட்டிப் போகிறேன் என்கிறார். அங்கே கால்வாயில் ட்ரவுட் என்கிற குளிர்த்தண்ணீர் மீன் இருபது கிலோ வரைக்கும் வளருமாம். பெரிதாக ஒன்று, ஒன்றே ஒன்று போதும்.

என்ன இரை போடுவது? யூடியூபில் ஒருவர் மண்புழு என்கிறார், இன்னொருவர் இறால், மூன்றாமவர் முட்டை மாதிரி ரப்பர் மணி, ஒருவர் எலி பொம்மையைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டிருக்கிறார். எலியா? கிண்டல் பண்ணுகிறார்களா, நிஜமா? என்னிடம் இருப்பது எட்டடி ராடு, 4000 ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), 40 பவுண்டு லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டுகிற நரம்பு). இதையே எடுத்துப் போகலாமா? நம்ம ஊர் வெள்ளை இறாலை ஐஸில் வைத்து எடுத்துப் போனால் விடுவார்களா?

தென்தீவுத் தூண்டில்:

அண்ணே, நான் நியூசிலாந்தின் தென்தீவில் திமாருவில் இருக்கிறேன், ட்வைசலுக்கு மாசம் ஒரு தடவையாவது போய்விடுவேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இறாலைத் தொடவே தொடாதீர்கள். விமான நிலையத்தில் உணவு, செடி, விலங்கு சம்பந்தப்பட்ட எதையும் சொல்லாமல் கொண்டுவந்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். பயன்படுத்திய ராடு, ரீல், வலை, பூட்ஸ் எல்லாவற்றையும் தாளில் குறிப்பிட வேண்டும். நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், ஈரம் இருந்தால் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு பயம். 2004-ல் இந்தத் தீவின் தெற்கில் ஒரு ஆற்றில் டிடிமோ என்ற பாசியைக் கண்டுபிடித்தார்கள், அது கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியில்கூட ஒட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஆறு போகும், கல்லையெல்லாம் பழைய கம்பளி மாதிரி மூடிவிடும். அதனால்தான் அடியில் கம்பளி வைத்த பூட்ஸையே 2008-ல் தடை செய்தார்கள்.

அடுத்து லைசென்ஸ். ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் தளத்தில் வெளிநாட்டவருக்கானதை வாங்கிவிடுங்கள், கையில் இல்லாமல் ராடை விரிக்காதீர்கள். இன்னொன்று, நம்ம ஊர்க்காரர்களுக்குத் தலை சுற்றுவது இதுதான்: இந்த நாட்டில் ட்ரவுட்டை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஹோட்டலில் கிடைக்காது, கடையில் கிடைக்காது. சாப்பிட ஆசையென்றால் நீங்களே பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவன் சும்மா கொடுக்க வேண்டும். காசிமேட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இப்போது கால்வாய். கால்வாய் என்றதும் பக்கிங்காம் கால்வாயை நினைத்துவிடாதீர்கள். மின்சாரத்துக்காக ஏரிக்கு ஏரி வெட்டியது, அகலமானது, ஆழமானது, பனிமலை உருகி வருகிற தண்ணீர், நீலமும் பச்சையும் கலந்த நிறம், கை வைத்தால் சுளீரென்று இருக்கும். அதில் கூண்டு போட்டு சால்மன் வளர்க்கிறார்கள். கூண்டிலிருந்து தப்பி விழுகிற தீவனம் கீழே போகும், அதைத் தின்றுதான் அங்கே ட்ரவுட் பன்றிக்குட்டி மாதிரி கொழுத்துக் கிடக்கிறது. 2020 அக்டோபரில் ஓஹாவ் கால்வாயில் பிடித்த பிரவுன் ட்ரவுட் 20.1 கிலோ, அதுதான் உலக சாதனை. அந்த எண் உண்மை, ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். மூன்று நாளில் ஐந்து கிலோ ஒன்று மாட்டினால் ஊருக்குத் திரும்பியதும் கோயிலுக்குப் போங்கள்.

கால்வாயில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரை அடியில், தண்ணீர் ஓடுகிற அதே வேகத்தில், இயற்கையாக உருண்டு போக வேண்டும். கரையில் நின்று கொஞ்சம் மேல்பக்கமாக வீசுங்கள், ஈயம் தரையைத் தொடும்வரை விடுங்கள், அப்புறம் தண்ணீரோடு நீங்களும் கரையிலேயே நடங்கள். ஆமாம், நடக்க வேண்டும், நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நாய் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி. தூண்டில் நரம்பு உங்களுக்கு நேராகவே இருக்க வேண்டும். ஈயம் கல்லில் டக் டக்கென்று தட்டுவது கையில் தெரியும், அந்தத் தட்டல் நின்றால் தூக்குங்கள். பத்தில் ஒன்பது தடவை கல்தான். பத்தாவது தடவை கல் நகரும்.

இரை: ரப்பர் முட்டை, இல்லையென்றால் மூன்று நான்கு இஞ்ச் மென்மையான ரப்பர் மீன். நிஜ மீன் முட்டை போடக் கூடாது, சட்டம். மண்புழு, இறால் கால்வாயில் போடலாம், ஊரிலேயே கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு விதி, சில ஆறுகளில் செயற்கை ஈ மட்டும்தான், சில கால்வாய்ப் பகுதிகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கூண்டுக்கு அருகே வீசக் கூடாத இடங்களில் பலகை இருக்கும். விதிப் புத்தகம் இலவசம், ஃபிளைட்டில் படியுங்கள்.

எலி கிண்டல் இல்லை. இங்கே காட்டில் பீச் என்ற மரம், சில வருஷம் விதையைக் கொட்டோ கொட்டென்று கொட்டும், எலி பெருகும், பெருகின எலி ராத்திரியில் ஆற்றை நீந்திக் கடக்கும், பிரவுன் ட்ரவுட் வாய் திறந்து காத்திருக்கும். அந்த வருஷம் காட்டு ஆறுகளில் மீனெல்லாம் பானை வயிறாக இருக்கும். ஆனால் ட்வைசலைச் சுற்றி இருப்பது புல்வெளி. அங்கே எலி பொம்மையை இழுத்தால் உங்கள் மச்சானுக்குப் பொழுதுபோகும், அவ்வளவுதான்.

லூர்_மன்னன்:

ப்ரோ இவ்வளவு யோசிக்க வேண்டாம். பெரிய மீனுக்குப் பெரிய இரை. பதினொரு சென்டிமீட்டர், பதிமூன்று சென்டிமீட்டர் ரப்பாலா லூர், அதாவது பொம்மை மீன், பிரவுன் ட்ரவுட் நிறத்திலேயே இருக்கிறது, அதை வாங்கி இருட்டில் மெதுவாக இழுங்கள். பெரிய ட்ரவுட் சின்ன ட்ரவுட்டைத்தான் தின்னும். சின்ன ரப்பர் முட்டைக்குச் சின்ன மீன்தான் வரும். நான் நார்வேயில் இப்படித்தான் நான்கு கிலோ பிடித்தேன்.

தென்தீவுத் தூண்டில்:

மன்னா, ஏரியில், ஆற்றில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கால்வாயில் இல்லை. இங்கே பத்துக் கிலோ மீன் பயறு அளவு தீவனத்தைத் தின்று வளர்ந்தது, அதன் பழக்கமே சின்னதாக உருண்டு வருவதைப் பொறுக்குவது. அதனால் ரப்பர் முட்டையில்தான் அந்த ராட்சசன்கள் நிறைய மாட்டுகின்றன. ஆனால் இருட்டில் பெரிய லூர் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அண்ணன் ஒரு ராத்திரி முயற்சி செய்யலாம். கால்வாய் ஏரியில் வந்து விழுகிற வாயில் போடுங்கள்.

அவலாஞ்சி_பனி:

நான் ஊட்டி. உங்கள் கொடுவாவுக்கும் ட்ரவுட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லையே.

எங்கள் மலையில் ட்ரவுட் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, 1863-லிருந்தே முயற்சி, முட்டையும் குஞ்சும் வழியிலேயே செத்துக்கொண்டிருந்தன. அப்புறம் 1907-ல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் தொடங்கி ரெயின்போ ட்ரவுட்டை நிலைநிறுத்தினார். நியூசிலாந்திலும் அதே கதைதான், அங்கே எந்த ட்ரவுட்டும் சொந்த மீன் இல்லை. 1864-ல் இங்கிலாந்திலிருந்து பாசிக்குள்ளும் ஐஸுக்குள்ளும் முட்டையை வைத்துக் கப்பலில் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து 1867-ல் நியூசிலாந்து போனது. எங்கள் ஓடையில் பெரியது கிடைக்காது, சிறியவைதான், அதற்கும் அனுமதி இல்லாமல் ராடோடு நுழைய முடியாது, ஆகவே “முதலில் நீலகிரியில் பழகுங்கள்” என்று சொல்ல மாட்டேன்.

சொல்ல வந்தது வேறு. ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத்தான் நிற்கும், முகம் மேல்பக்கம், வால் கீழ்பக்கம். அதற்குப் பின்னால் கண் தெரியாது. அதனால் ஆற்றில் போடுவதாக இருந்தால் கீழிருந்து மேலே நடந்து போங்கள், மேலே வீசி இரையை அதன் மூக்குக்கு நேராக ஓட்டத்தோடு விடுங்கள். மேலிருந்து இறங்கி வந்தால் உங்களை அது முதலில் பார்த்துவிடும், பார்த்தால் ஓடக்கூட ஓடாது, அப்படியே நிற்கும், நீங்கள் தலைகீழாக நின்றாலும் கடிக்காது. சரளைக்கல்லில் செருப்புச் சத்தம்கூட அதற்குத் தெரியும். பெரிதாக வளர்ந்த ட்ரவுட் என்றால் ஏமாந்து ஏமாந்து மிச்சமிருக்கிற கிழவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த ஆற்றில் ஒரு மீனைக் கண்ணால் கண்டுபிடித்து, உட்கார்ந்து, ஒரு தடவை சரியாக வீசுவது நூறு தடவை சும்மா வீசுவதைவிட மேல். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கிற போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள், இரையில் மிச்சம் பிடித்து அதை வாங்குங்கள்.

லீடர் 40 பவுண்டு வேண்டவே வேண்டாம். கொடுவாவுக்குச் செவுள் மூடி கத்தி மாதிரி, அதனால் தடித்த லீடர். ட்ரவுட்டுக்கு அது கிடையாது, கண்தான் கூர்மை. 2500 அல்லது 3000 ரீல், ஏழடி மெல்லிய ராடு, 10 பவுண்டு பிரெய்டு, 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். கால்வாயில் வேண்டுமானால் 12 பவுண்டு. ரீலின் ட்ராகை, அதாவது பிரேக்கை, இளக்கி வையுங்கள். நம்ம கொடுவா பிடிக்கிற ஆட்கள் பூட்டிவைத்து மல்லுக்கட்டுவார்கள், தூணில் சுற்றிவிடும் என்ற பயம். அங்கே தூண் இல்லை. ஓடட்டும்.

பாறைமேல்_கிழவன்:

தம்பி, நான் புதுவண்ணாரப்பேட்டை. கப்பலில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன், ட்ரவுட் பிடித்திருக்கிறேன், ஸ்காட்லாந்தில், சிலியில். உன் கேள்வியையே பாரு, முதல் வரியிலேயே பதில் இருக்கிறது.

ஒன்பது கிலோ கொடுவா எப்படிக் கிடைத்தது? மழை விட்ட விடியற்காலை, கலங்கல் தண்ணீர், பாலத்துத் தூணுக்குப் பின்னால். மடவை போட்டதாலா கிடைத்தது? அதே மடவையை நீ மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எத்தனை நாள் போட்டிருப்பாய்? பெரிய மீன் உழைத்துச் சாப்பிடாது தம்பி. ஓடுகிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும் உரசுகிற கோட்டில், நிற்கிற பக்கத்தில் உடம்பை வைத்துக்கொண்டு, ஓடுகிற பக்கத்திலிருந்து வருவதை வாயில் வாங்கும். அது எண்ணூர் தூணாக இருந்தாலும் அந்த ஊர்ப் பாறையாக இருந்தாலும் ஒன்றுதான். அந்த இடத்தைப் பார்க்க உனக்குக் கண் பழகியிருக்கிறது. அதை வீட்டில் வைத்துவிட்டு இரைப் பட்டியலோடு கிளம்புகிறாயே என்பதுதான் என் குறை.

வெளிச்சம் குறைந்த நேரம் பார். அங்கே டிசம்பர் கடைசியில் வெயில் காலம், பொழுது சாய ஒன்பது மணி தாண்டிவிடும், இருட்ட பத்து ஆகும். தங்கச்சி வீட்டுக்காரர் ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுக்கிற ஆளாக இருந்தால் முன்கூட்டியே பேசி வை. விடியற்காலை நான்கரைக்கு எழுந்திரு, பதினொன்றிலிருந்து நான்கு வரைக்கும் தூங்கு. காலை எட்டு மணிக்கு ஹோட்டலில் பொறுமையாக டிபன் தின்றுவிட்டுப் போய் “மீனே இல்லை” என்று திரும்புகிற கூட்டத்தை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

கால்வாயில் ஏற்றவற்றம் கிடையாதே என்று நினைக்காதே. மின்சாரம் எடுக்கிறதைப் பொறுத்துத் தண்ணீர் கூடும், குறையும். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள். ஓட்டம் மாறுகிற அரை மணி நேரம் கையில் ராடு இருக்கட்டும். முகத்துவாரத்தில் தண்ணீர் திரும்பும்போது நீ என்ன செய்வாயோ அதையே செய்.

முகத்துவாரம்_13:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. புதுவண்ணாரப்பேட்டை ஐயா சொன்னது சுருக்கென்று தைத்தது, உண்மைதான், அந்தப் பாலத்துக்கடியில் மத்தியானத்தில் போட்டு வீணாக்கின மடவைக்குக் கணக்கே இல்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, பிடித்தால் விட்டுவிட வேண்டுமா? என் வீட்டில் மீனை விடுவது என்றால் சோற்றை விடுவது மாதிரி. இரண்டு, காற்று. அங்கே காற்று பயங்கரம் என்கிறார்களே?

தென்தீவுத் தூண்டில்:

விட்டே ஆக வேண்டும் என்று இல்லை அண்ணே, ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை இருக்கிறது, அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் அபிப்பிராயம்: கால்வாய் ராட்சசனைவிட இரண்டு கிலோ மீன்தான் சுவை. பெரியது தீவனம் தின்ற கொழுப்பு, தங்கச்சி குழம்பு வைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும். சின்னதை எடுத்துக்கொண்டு பெரியதைப் போட்டோவோடு விட்டுவிடுங்கள். விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், கரைக்கல்லில் போடாதீர்கள், செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்காதீர்கள், வலையோடு தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். தூண்டில் முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கிற கூரை முன்பே குறட்டால் நசுக்கிவிட்டால் வேலை சுலபம். ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிற்க வையுங்கள், அதுவாக வாலை அடித்துப் போகும்வரை.

காற்று பயங்கரம்தான். வடமேற்கிலிருந்து மலையைத் தாண்டிச் சூடாக வரும், நம்ம ஊர் ஆனிமாதக் கச்சான் மாதிரி, ஆனால் இரண்டு பங்கு. அந்த நாள் கால்வாய்க் கரையில் நடக்க முடியாது. அதனால் மூன்று நாளையும் தேதி போட்டு முடிவு செய்யாதீர்கள், வானிலை பார்த்துவிட்டு லீவு போடச் சொல்லுங்கள். ஜனவரி நடுவில் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது, சிள்வண்டு கத்த ஆரம்பிக்கும். காற்றில் அது தண்ணீரில் விழும், பெரிய மீன் பட்டப்பகலில் மேலே வந்து விழுங்கும். ஐயா சொன்ன இருட்டு விதிக்கு அது ஒன்றுதான் விலக்கு.

லூர்_மன்னன்:

என் ரப்பாலாவை யாரும் மதிக்கவில்லை, பரவாயில்லை. ப்ரோ ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், போட்டோவில் அதோடு மீன் இருந்தால் இங்கே போடுங்கள்.

முகத்துவாரம்_13:

வாங்கிவிட்டேன் தலைவா, பிரவுன் ட்ரவுட் நிறமே. ராடும் லீடரும் அவலாஞ்சிக்காரர் சொன்னபடி மாற்றியாகிவிட்டது, 40 பவுண்டை எண்ணூருக்கே வைத்துவிட்டேன். லீவை ஜனவரி 12-க்குத் தள்ளியாயிற்று. கடைசியாக ஒன்று, இரை சம்பந்தப்பட்டது இல்லை. தங்கச்சி காசிமேட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு கேட்கிறாள், இரண்டு கிலோ. இறாலுக்கே 400 டாலர் என்றால் கருவாட்டுக்கு?

தென்தீவுத் தூண்டில்:

தாளில் “உணவு இருக்கிறது” என்று டிக் போட்டு, கேட்டால் பொட்டலத்தைத் திறந்து காட்டுங்கள். சொல்லிவிட்டால் அபராதம் இல்லை, அதிகம் போனால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள். அதனால் இரண்டு கிலோ வேண்டாம், கால் கிலோ கொண்டுவாருங்கள். நன்றாகக் காய்ந்ததாக, கடைப் பொட்டலமாக, பெயர் ஒட்டியதாக. ராடுப் பையிலிருந்து தள்ளி வையுங்கள் அண்ணே, அந்த அதிகாரி இரண்டையும் ஒன்றாக முகர்ந்தால் அன்றைக்கு உங்கள் கதி அவ்வளவுதான்.